கீழிருந்து வெட்டிய பதில்

பிப்ரவரி 3

அண்ணனுக்கு,

உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும். மூன்று வருடமாகச் சொல்லாமல் விட்ட ஸலாம்களுக்கும் சேர்த்து இதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அச்சக வேலையை விட்டுவிட்டு உங்களோடு வரச் சொன்னீர்கள். மாட்டேன் என்றேன். "இனிமே எனக்குத் தங்கச்சியே கிடையாது"ன்னு சொல்லிவிட்டு எல்லை தாண்டிப் போனீர்கள். நானும் உங்கள் இரத்தம்தானே, ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. இப்போது அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன். பயமாக இருக்கிறது அண்ணா.

போன் பேச வழியில்லை. தெருமுனையில் நிற்பவர்கள் வாங்கிப் பார்க்கிறார்கள், யாரிடம் பேசினாய் என்று கேட்கிறார்கள். அச்சகத்துக்குப் பேப்பர் கொண்டுவரும் லாரி டிரைவர் வாரம் ஒருமுறை உங்கள் நகரத்துக்கு வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்திருக்கிறேன். வாய் ஓயாத மனிதர், ஆனால் எதைப் பேசக்கூடாது என்று தெரிந்தவர்.

போலீஸ் ஸ்டேஷன் பூட்டி ஐந்து மாதமாகிறது. கோர்ட்டும் அப்படியே. ஊரை இப்போது நடத்துவது "ஒழுங்குக் குழு". அவர்கள் ஒரு சீட்டை எல்லாச் சுவரிலும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் அச்சகத்துப் பத்திரிகையில் நீங்கள் கேள்வி-பதில் எழுதினீர்களே, ஒன்பது வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு பதில். அப்படியே எழுதுகிறேன்:

"மார்க்கத்தைக் கேலி செய்வது பெருங்குற்றம். அப்படிச் செய்பவர் சமூகத்தின் பாதுகாப்பை இழந்துவிடுகிறார். அவருக்குரிய தண்டனை மரணம்."

அடியில் உங்கள் பெயர், பட்டத்தோடு.

கடைத்தெரு முனையில் இருக்கும் தையல்காரியை உங்களுக்கு நினைவிருக்கும். துணி மாட்டும் பொம்மையைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தக்கூடாது என்று குழுவிலிருந்து போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவள் சிரித்துவிட்டாள். "பொம்மைக்கு ஏதுங்க வெட்கம்?" என்று கேட்டாளாம். போன மாதம் பத்தாம் தேதி, கடைத்தெரு நடுவில் வைத்து முப்பது அடி. அடிக்கும் முன் உங்கள் சீட்டை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். "சாவுக்கு உரியவளை அடியோட விடுறோம், இது எங்க இரக்கம்"னு ஒருவன் சொன்னான். நான் மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தேன். உங்கள் பெயரைக் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டேன்.

இப்போது கணக்கு வாத்தியார் வம்பில் மாட்டியிருக்கிறார். இதுவரை யார் யார் அடி வாங்கினார்கள், எந்தத் தேதி, எத்தனை அடி என்று பட்டியல் எழுதி வெளியூரில் உள்ள மனித உரிமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு பிரதி குழுவின் கையில் சிக்கிவிட்டது. ஆசிரியர் அறையில் வேறு பேசியிருக்கிறார்: "மனுஷனாப் பொறந்ததுக்கே ஒரு உரிமை இருக்கு, அதைச் சாட்டையால அழிக்க முடியாது." இதுதான் கேலியாம். சுவரில் இருக்கும் சீட்டுகளின் அடியில், உங்கள் பெயருக்குக் கீழே, அவர் பெயரைக் கையால் எழுதியிருக்கிறார்கள். நான்கு நாளாக அவரைத் தேடுகிறார்கள்.

இது உங்கள் தீர்ப்பு இல்லை என்று எழுதி அனுப்புங்கள். ஒரே ஒரு தாள் போதும்.

மற்றபடி, பின் கிடங்கில் பேப்பர் கட்டு ஒன்று புதிதாக வந்திருக்கிறது. வயதான கட்டு, இருமல் உள்ள கட்டு. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 13

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன் என்பதையும், படித்து முடித்ததும் அதை மடித்துப் புத்தகத்துக்குள் ஒளித்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. ஆனால் நான் எழுதியது மூன்று வரி அல்ல, நான்கு பக்கம்! அந்த மூன்று வரி வெறும் தொடக்கம். நம்முடைய சட்ட நூல்களில் முறையே அதுதான்: முதலில் தீர்ப்பைச் சொல்வது, பிறகு அதைக் கட்டிப்போடும் நிபந்தனைகளைச் சொல்வது. உயிரே அந்த நிபந்தனைகளில்தான் இருக்கிறது. தனிமனிதர் யாரும் தண்டனை கொடுக்கக்கூடாது, மார்க்க நீதிபதியான காஜி ஒருவர்தான் விசாரிக்க வேண்டும் என்று எழுதினேன். நேரில் கேட்ட இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மூன்று நாள் அவகாசம் தர வேண்டும், அணுவளவு சந்தேகம் இருந்தாலும் தண்டனை ரத்தாகிவிடும் என்றேன். இவற்றை மீறி ஒருவரைக் கொல்பவன் கொலைகாரன் என்றும் எழுதினேன். இதெல்லாம் எங்கே போயிற்று? யார் வெட்டியது? உன் முதலாளிதானே? விளம்பரத்துக்காகத் தகப்பனையே விற்கக்கூடியவர் என்று அன்றே சொன்னேன்.

அந்த மாத இதழ் எனக்கு வந்ததாகவே நினைவில்லை. வந்திருந்தால் அப்போதே மறுப்பு எழுதியிருப்பேன்.

நீ கேட்பது போல் உடனே ஒரு தாளில் மறுப்பு எழுதிவிட முடியாது. நான் இங்கே சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இங்கு தங்கும் அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். குழுவுக்கு வேண்டியவர்கள் இந்த நகரத்திலும் இருக்கிறார்கள், எங்கள் கல்லூரியிலேயே இரண்டு பேர் இருப்பதாகச் சந்தேகம். மூலப் பிரதி அச்சகக் கோப்பில் இருந்தால் தேடிப் பார். அது கிடைத்தால் அதை ஆதாரமாக வைத்து முறைப்படி ஒரு விளக்கம் எழுதலாம்.

இன்னொன்று. "வயதான கட்டு, இருமல் உள்ள கட்டு" என்று எழுதியிருக்கிறாயே, அது கணக்கு வாத்தியாரைத்தானே குறிக்கிறது? அச்சகக் கிடங்கில் அவரை ஒளித்து வைத்திருக்கிறாயா? தெளிவாக எழுது.

உன் அண்ணன்


பிப்ரவரி 21

அண்ணனுக்கு,

உங்கள் படிப்புக்கு ஒரு கும்பிடு. நான் ஒளித்து எழுதியதை நீங்கள் பெயரும் இடமும் போட்டு விளக்கவுரை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். டிரைவரை வழியில் மடக்கி அந்தக் கடிதத்தைப் பிரித்திருந்தால் மூன்று தலை போயிருக்கும். படித்த உடனே அடுப்பில் போட்டேன். இனிமேல் தயவுசெய்து எதையும் தெளிவுபடுத்தாதீர்கள். கேட்டுவிட்டீர்கள் என்பதால் ஒரே ஒருமுறை சொல்கிறேன்: ஆமாம், அவர்தான். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

முதலாளியைத் திட்டியிருக்கிறீர்கள். திட்டை நான்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் வெட்டவில்லை அண்ணா. நான் வெட்டினேன்.

ஒன்பது வருடமாக இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த மாதம் கடைசிப் பக்கத்தை அச்சுக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கம் மெஷினுக்குப் போக ஒரு மணி நேரம் இருக்கும்போது சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. "மௌலவி பதிலை ஒரு பத்தியில அடக்கும்மா"ன்னு சொல்லிவிட்டு முதலாளி தொழுகைக்குப் போய்விட்டார். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். இடம் போதவில்லை என்றால் கீழிருந்து வெட்டுவோம். நிருபர்கள் முக்கியமானதை மேலே எழுதுவார்கள், போகப் போகச் சுமாரானதைக் கீழே தள்ளுவார்கள், அதனால் அடியிலிருந்து வெட்டினால் செய்தி சாகாது. நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்துக் கீழிருந்து வெட்டிக்கொண்டே வந்தேன். மூன்று வரியில் வந்து நின்றது. பிழை திருத்தினேன், அனுப்பினேன்.

அச்சாகி வந்த பிறகு படித்துப் பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. எழுதுபவர்களுக்கு அனுப்பும் பிரதிகளில் உங்களுடையதை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். நீங்கள் கேட்கவும் இல்லை. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன்.

தையல்காரி பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதுகுப் புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் இறங்கவே இல்லையாம். போன மாதமே அடக்கம் செய்துவிட்டார்கள். முந்தைய கடிதத்தில் இதை எழுதக் கை வரவில்லை. அடக்கத்துக்கு முன் அவளைக் குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

போன வாரம் குழுவிலிருந்து வந்து இன்னும் இரண்டாயிரம் சீட்டு கேட்டார்கள். முதலாளி மறுக்கவில்லை. மறுத்தவர்கள் யார் இருக்கிறார்கள்? நான்தான் அடித்துக் கொடுத்தேன், உங்கள் பெயரோடு. சுவருக்கு அந்தப் பக்கம் கிடங்கில் இருப்பவர், குழு ஆட்கள் போகும்வரை இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடும்போது மட்டும்தான் அவரால் இருமவே முடிகிறது.

மூலப் பிரதி கிடைத்தது. நான்கு பக்கமும் இருக்கின்றன. படித்தேன். நிபந்தனைகள் எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த முதல் மூன்று வரியும் அதில் இருக்கின்றன. நான் வெட்டினேன், சேர்க்கவில்லை.

தங்கை


மார்ச் 2

தங்கைக்கு,

கோபத்தில் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

ஒன்பது வருடம்! கூடப் பிறந்தவள் நீ. நான் முப்பது வருடம் படித்த படிப்பை ஒரு எண்ணெய் விளம்பரத்துக்காக வெட்டிப் போட்டுவிட்டு, இதழையும் மறைத்து வைத்திருக்கிறாய். அந்தப் பெண் செத்ததற்கு நான் அல்லவா பதில் சொல்ல வேண்டியிருக்கிறது? தூக்கமே இல்லை.

நீ செய்திருக்கும் இன்னொரு காரியமும் சரியில்லை. விதவையான நீ தனியாக இருக்கும் இடத்தில், சொந்தமில்லாத ஒரு ஆம்பிளையை அடைத்து வைத்திருப்பது எந்த வகையில் நியாயம்? ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும். நாலு பேர் என்ன சொல்வார்கள்? வேறு இடம் பார்.

இத்துடன் என் விளக்கத்தை நான்கு பக்கத்தில் அனுப்புகிறேன். என் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் இருக்கின்றன. முத்திரையைக் கேட்காமல்தான் போட்டேன். விடுபட்ட நிபந்தனைகளை வரிசையாக, நூல் ஆதாரங்களோடு எழுதியிருக்கிறேன். இதைக் குழுவின் தலைவர்களிடம் கொடு. படித்தவர்கள் ஒருவராவது இருப்பார்கள். காஜி இல்லாத ஊரில் இந்தத் தண்டனையை யாரும் நிறைவேற்ற முடியாது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். வேறு வழியே இல்லை அவர்களுக்கு.

இதோடு வாத்தியார் பிழைத்தார் என்று வைத்துக்கொள். குழுவோடு மோதாமலே முடிந்தால் நானும் என் மகளைப் பள்ளிக்கு நிம்மதியாக அனுப்புவேன்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்த நாலு பேரும் கையில் சாட்டையோடு தெருவில் நிற்கிறார்கள். அவர்களைத் தவிர யாரும் இப்போது எதுவும் சொல்வதில்லை. வாத்தியாருக்கு அறுபத்தோரு வயது, மூட்டு வலி. எனக்கும் அவருக்கும் இடையில் நானூறு ரீம் பேப்பர் அடுக்கியிருக்கிறது. உங்கள் கவலை தீர்ந்ததா? எரிச்சலாக வருகிறது அண்ணா, இந்த நேரத்திலும் உங்களுக்கு இதுதான் முதலில் கண்ணில் படுகிறதே என்று.

ஐந்து நாளுக்கு முன்னால் உங்கள் விளக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடைத்துக் கிடந்த கோர்ட் கட்டடத்தில்தான் குழு உட்காருகிறது. பெண்கள் பின்வாசலில் நிற்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் நின்றேன். காஜி வருகிறார் என்றார்கள். ஆமாம், காஜி. போன மாதக் கடைசியில் நியமித்துவிட்டார்களாம். யார் வந்தது தெரியுமா? உங்கள் பழைய மாணவன், நோட்டுக்காரன். முன் வரிசையில் உட்கார்ந்து நீங்கள் தும்மினால்கூட எழுதிக்கொள்வான் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பீர்களே, அவனேதான். தாடி வளர்ந்திருக்கிறது, ஆனால் அதே மாதிரிக் குனிந்த பார்வை. தையல்காரிக்கு விழுந்த முப்பது அடியை எண்ணிச் சொன்னதும் இவன்தானாம்.

"உஸ்தாத் சுகமா இருக்காங்களா?" என்று தன் ஆசிரியரான உங்களைத்தான் முதலில் விசாரித்தான். உங்கள் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தான். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு நோட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டான்.

"ரொம்ப உதவி பண்ணியிருக்காங்க. நாங்க அவசரப்பட்டு, முறை தெரியாம செய்ய இருந்தோம். காஜி வேணும்னு சொல்றாங்க, நான் இருக்கேன். ரெண்டு சாட்சி, பள்ளிக்கூடப் பியூனும் புத்தகக்கடைக்காரரும் நேர்ல கேட்டவங்க. அவரா வந்து நிக்க மூணு நாள் அவகாசம், இன்னைக்கே அறிவிச்சுடுறோம். இருபதாம் தேதி, தொழுகை முடிஞ்சதும் விசாரணை. மூணு நாள்ல ஆள் வரலைன்னா வீடு வீடாத் தேடிக் கொண்டுவந்து நிறுத்துவோம். உஸ்தாத் சொன்ன ஒரு நிபந்தனையும் தவறாது. சொல்லிடுங்க."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. உங்கள் நான்கு பக்கத்தை வைத்து அவர்கள் வேலையைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். மூன்று வரியை வைத்துக்கொண்டு அவர்கள் வெறும் ரவுடிகளாக இருந்தார்கள். இப்போது கோர்ட் ஆகிவிட்டார்கள்.

வாத்தியாரிடம் சொன்னேன். கிடங்குத் தரையில் விரலால் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "உங்க அண்ணன் கணக்குல வழியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கார்மா. முதல் வரியில தப்பு இருந்தா, வழி எவ்வளவு சுத்தமா இருந்தாலும் விடை தப்பாத்தான் வரும்" என்றார். உங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாளைக்கு நம் தெருவில் தேடுதல் ஆரம்பம். அச்சகம் கடைசியில் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு வீடு என்கிறார்கள்.

எனக்கு விளக்கம் வேண்டாம், நிபந்தனை வேண்டாம். அந்த முதல் வரி தவறு என்று எழுதுங்கள். உங்களுக்கு அது தவறு என்று தோன்றினால் மட்டும். தோன்றவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், நான் தெரிந்துகொள்கிறேன்.

தங்கை


மார்ச் 15

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. வகுப்புக்குப் போனேன், வந்தேன். உன் அண்ணி, "என்ன, மூஞ்சியில ஈயாடல?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கேள்வி வந்த அன்று நான் யோசிக்கவே இல்லை. அலமாரியிலிருந்து நூலை எடுத்தேன், பக்கத்தைப் பிரித்தேன், எழுதினேன். பெரியவர்கள் பலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி இல்லை, பேச்சுக்கு உலகத்தில் தண்டனை இல்லை, படைத்தவன் பார்த்துக்கொள்வான் என்று சொன்ன பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று என் மனதுக்கு அப்போதே தெரியும். அதை எழுதினால் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். இதை எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். அதோடு, இதையெல்லாம் இந்தக் காலத்தில் யார் செய்யப் போகிறார்கள் என்ற தைரியம். சட்டம் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆளின் கழுத்தைப் பற்றி எழுதும்போது, அந்த ஆளுக்கு ஒரு முகம் இருக்கும், முதுகு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ குளிப்பாட்டினாய். நான் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நீ வெட்டியதற்காக உன்னைத் திட்டினேன். வெட்டினால் கொலையாகிற எழுத்தை எழுதியவன் நான்.

நேற்று கல்லூரி முதல்வர் அறைக்குக் கூப்பிட்டு, முத்திரையைப் பற்றி விசாரித்தார். பேச்சோடு பேச்சாக மேசை மேல் ஒரு போட்டோவை நகர்த்தினார். யாரோ கவரில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். என் மகள் படிக்கும் பள்ளியின் வாசல், அவ்வளவுதான். குழந்தை அதில் இல்லை. வாசல் மட்டும்! வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுவிட்டு, தாழிட்டேனா என்று நாலு தடவை போய்ப் பார்த்தேன். உன் அண்ணியையும் மகளையும் இன்று காலை அண்ணியின் அக்கா ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். எனக்கு இவ்வளவு பயம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை தங்கச்சி.

பயத்தோடேயே எழுதியிருக்கிறேன். கீழே இருக்கிறது. இந்த முறை இடம் போதாவிட்டால் கவலைப்படாதே. எங்கே வெட்டினாலும் ஒரே பதில்தான் வரும்.

"கேள்வி: பேசியதற்காக ஒருவரைக் கொல்லலாமா?

பதில்: கூடாது. அடிக்கவும் கூடாது. குழு சொன்னாலும் கூடாது, காஜி சொன்னாலும் கூடாது, ஆட்சியே சொன்னாலும் கூடாது. ஒன்பது வருடத்துக்கு முன் நான் எழுதியது தவறு. அதைக் காட்டி யார் மேல் கை வைத்தாலும் அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு உண்டு. கூடாது."

பெயரையும் பட்டத்தையும் போட்டுக்கொள். உனக்கும் அவருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

அண்ணன்


மார்ச் 26

அண்ணா,

உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிட்டேன். நான் இப்போது நம் ஊரில் இல்லை. டிரைவரின் அக்கா வீட்டில், எல்லை தாண்டி உங்கள் பக்கம் இருக்கிறேன். வாத்தியார் மனித உரிமை அலுவலகத்துக்காரர்களோடு போய்விட்டார். போகும்போது உங்களிடம் ஸலாம் சொல்லச் சொன்னார்.

நடந்தது இதுதான். தேடுதல் அச்சகத்தை எட்ட இன்னும் முப்பது வீடு இருந்தது. பதினெட்டாம் தேதி, விசாரணை அறிவிப்போடு உங்கள் பழைய சீட்டை மறுபடி அடிக்கச் சொல்லி ஆர்டர் வந்தது, மூவாயிரம். அன்று காலைதான் உங்கள் கடிதம் வந்திருந்தது. பக்கம் கட்டும் வேலை எனக்கு மட்டும்தான் தெரியும். அதே பார்டர், அதே எழுத்து, மேலே அதே "கேள்வி-பதில்" தலைப்பு, கீழே உங்கள் பெயர். நடுவில் மட்டும் புதுப் பதிலை வைத்தேன். அச்சுப் பிளேட்டை இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். முதலாளி ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முழுசாகப் படித்தார். நான் மை டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். "மை கொஞ்சம் கம்மியா இருக்கு, கூட்டு"ன்னு மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி நாம் பேசியதெல்லாம் பாதி தப்பு அண்ணா.

குழுவின் ஆட்களே வந்து கட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். தலைப்பைப் பார்த்தார்கள், உங்கள் பெயரைப் பார்த்தார்கள், பழைய சீட்டுகளின் மேலேயே ஒட்டிக்கொண்டு போனார்கள். பதினாறு தெரு. மறுநாள் மதியத்துக்குள் கடைத்தெருவே படித்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் கடை வாசலில் நின்று மூன்று தடவை படித்ததை நான் பார்த்தேன். அவர்கள் கிழிக்க ஆரம்பித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

இருபதாம் தேதி வாத்தியார் கிடைக்காமலே விசாரணையைத் தொடங்கிச் சாட்சியைக் கூப்பிட்டால், பியூன் சொன்னாராம்: "எனக்குக் காது மந்தம்ங்க, வாத்தியார் என்ன சொன்னார்னு சரியா விழலை." புத்தகக்கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போயிருந்தார். கூட்டம் கத்தியிருக்கிறது, சாட்சி வேண்டாம், தீர்ப்பைச் சொல் என்று. நோட்டுக்காரன், "சாட்சி இல்லாம விசாரணை இல்லை"ன்னு சொல்லிவிட்டு நோட்டை மூடினானாம். அவனை அவர்களே பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அந்தக் களேபரத்தில்தான் டிரைவர் கழிவுப் பேப்பர் மூட்டைகளுக்கு நடுவில் எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். மூன்றாவது இடத்தில் ஒருவன் மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்த்தான். வாத்தியார் என் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமலை அடக்கினார். நாலு பேர் என்ன சொல்வார்களோ!

இனி உங்கள் விஷயம். நோட்டுக்காரன் ஊரில் இல்லை. விசாரணை நின்ற அன்றே காணாமல் போய்விட்டான். குழு அவனைத் தேடுகிறது, உங்களையும் தேடுகிறது. எல்லை தாண்டிய பஸ்ஸில் அவன் ஏறியதைப் பார்த்ததாக டிரைவர் சொல்கிறார். உங்கள் நகரத்து பஸ். அவன் எதற்காக வருகிறான் என்று யாருக்கும் தெரியாது. அடி எண்ணியவன் அண்ணா அவன். வீட்டில் இருக்காதீர்கள். கல்லூரிக்கும் போகாதீர்கள். இந்த முகவரிக்கு வந்துவிடுங்கள். மூன்று வருடம் பேசாததையெல்லாம் உட்கார்ந்து பேசலாம், சண்டை போடலாம், எதுவானாலும் சரி.

உங்கள் தங்கச்சி


ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. துணிகளை எடுத்து வைத்துவிட்டேன், மூன்று மணி பஸ். கிளம்ப இருந்தபோது கதவு தட்டினார்கள்.

அவன்தான். முன் அறையில் உட்கார்ந்திருக்கிறான். நான் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன். பின் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தால் டிரைவரிடம் சேர்த்துவிடுவார்.

மெலிந்து போயிருக்கிறான். கன்னத்தில் காயம் இருக்கிறது. மடியில் ஒரு துணிப்பை, இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். "கீழ வைப்பா" என்றேன். வைக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவனுடைய நோட்டாகவும் இருக்கலாம். நான் பயப்படுகிறேன், ஆனால் ஓடத் தோன்றவில்லை. ஜன்னலில் கம்பி இருக்கிறது, அது வேறு விஷயம்.

அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். சுவரிலிருந்து உரித்தெடுத்த புதுச் சீட்டைக் காட்டினான், பசை காய்ந்து சுருண்டிருந்தது. "உஸ்தாத், நீங்க சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டேன். அப்படியே செஞ்சேன். இப்ப அது தப்புன்னு போட்டிருக்கீங்க. அப்போ அந்தத் தையல்கார அம்மாவுக்கு நான் யாரு?"

எனக்குச் சட்டென்று பதில் வந்தது. நூல்களில் இருக்கும் பதில். அறியாமல் செய்தவன், ஆசிரியரை நம்பிச் செய்தவன், அதற்கு விதிவிலக்கு, அதற்கு ஒரு பரிகாரம். வாய் வரை வந்துவிட்டது. அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்ததைப் பார்த்தேன், எழுதிக்கொள்வதற்கு. அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

அவன் அவளைக் கொன்றவன். நானும்தான். இதைத்தான் சொல்லப் போகிறேன். நூலைப் பார்க்காமல், அவன் முகத்தைப் பார்த்து. கேட்டுவிட்டு அவன் அழுவானா, பையைத் திறப்பானா, எனக்குத் தெரியாது. உனக்குச் சொல்லாமல் போகக்கூடாது என்றுதான் எழுதினேன்.

"உஸ்தாத்" என்று கூப்பிடுகிறான். தண்ணீர் எடுத்துக்கொண்டேன். போய்ப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.

அண்ணன்